தாம்பரம் பக்கம் ரூம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்: எங்கள் 11,500 ரூபாய் போய்விட்டது

இன்று காலைதான் ரயிலிலிருந்து இறங்கினோம். அப்பா தூங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் நாலு நாளில் நானும் "சரி, போனது போச்சு" என்று விட்டுவிடுவேன். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு, பரீட்சைக்கு, பாஸ்போர்ட் வேலைக்கு என்று சென்னை போகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இது.

நாங்கள் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் போகிறவர். மூன்று வருடமாக அவருக்குக் காளாஞ்சகப்படை, அதாவது சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், முதுகு எல்லாம் செதில் செதிலாக உரியும். உப்புத்தண்ணீர் பட்டால் எரிகிறது என்பார், ஆனாலும் போவார். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டலாம் என்று சொன்னார்கள். மே மாதம் ஒரு தடவை போய்க் காட்டினோம். அங்கே நல்லபடியாகப் பார்த்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பத்து நாள் பக்கத்திலேயே தங்கி, தினமும் வந்து காட்டிவிட்டுப் போனால் நல்லது என்றார் மருத்துவர். பத்தியமும் சொன்னார். மீன் கூடாது, கருவாடு கூடாது, புளி கூடாது. கடலுக்குப் போகிற மனுசனுக்கு மீன் கூடாது என்றால் எப்படி இருக்கும், பாருங்கள். ஆனால் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, சரி என்று தலையாட்டினார்.

பத்து நாள் என்றால் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் போய் வந்தால்தான் உண்டு. ஏப்ரல் 15-ல் ஆரம்பித்தால் ஜூன் 14 வரை, 61 நாள். அது முடிந்தால் படகு இறங்கிவிடும், அப்புறம் அப்பாவைக் கரையில் பிடித்து வைக்க முடியாது. அதனால் ஜூன் 1-ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து தாம்பரம் போகிற ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். பாம்பனில் புதுப் பாலம் திறந்த பிறகு விட்ட ரயில் அது. காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர் வழியாகச் சுற்றிப் போனாலும் நேராகத் தாம்பரத்திலேயே இறக்கிவிடுகிறது.

டிக்கெட் கிடைத்துவிட்டது, தங்க இடம்தான் பாக்கி. ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்களில் நாளைக்கு 1,200-க்குக் குறைந்து இல்லை, அங்கே சமைக்கவும் விடமாட்டார்கள். பத்தியச் சாப்பாட்டை எந்த ஓட்டலில் போய்க் கேட்பது? ஆகவே சமையலறை வைத்த சின்ன கெஸ்ட் ஹவுஸாகத் தேடினேன். எல்லாரும் வழி பார்க்கப் பயன்படுத்துகிற மேப் செயலிதான். சானடோரியத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வந்தது. நல்ல மதிப்பெண், போய் வந்தவர்கள் போட்ட படங்கள், எல்லாம் இருந்தது. ஒரு படத்தில் சிமெண்டு மேடை, அதில் ஒற்றை அடுப்பு, சுவரில் ஆணி அடித்து மாட்டிய பச்சை முறம். அந்த முறத்தைப் பார்த்ததும் அம்மா, "குடும்பம் தங்குற எடம்தான், இதையே போடு" என்றார்.

அதில் இருந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்தவன் பேச்சு அவ்வளவு மரியாதை. எந்த ஊர் என்று முதலில் கேட்டான், தங்கச்சிமடம் என்றேன். "அண்ணே, நான் தேவிபட்டினம்ண்ணே! நவபாஷாணக் கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு" என்றான். அப்புறம் கேட்டான் பாருங்கள், "கச்சான் தொடங்கிருச்சாண்ணே அங்க?" என்று. சென்னையில் உட்கார்ந்திருக்கிறவன் வாயில், எங்கள் பக்கம் தென்மேற்குக் காற்றுக்குச் சொல்கிற கச்சான் என்ற வார்த்தை வந்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. அப்பாவுக்குப் பத்தியம், சமைக்க வேண்டும் என்று நானே எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கம்மாவுக்கும் அங்கதாண்ணே பாத்தோம். அப்பாவுக்கு மாடி ஏற வேணாம், கீழ் ரூமே தர்றேன். சிலிண்டர் இருக்கு, பாத்திரம் மட்டும் கொண்டு வாங்க" என்றான். நாள் வாடகை 850, பத்து நாளைக்கு 8,500. முன்பணம் 3,000, கிளம்பும்போது திருப்பித் தருவதாகச் சொன்னான். ஆக மொத்தம் 11,500.

இப்போது யோசித்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நான் தங்கச்சிமடம் என்று சொன்ன பிறகுதான் அவன் தேவிபட்டினத்துக்காரன் ஆனான். நான் பத்தியம் என்று சொன்ன பிறகுதான் அவன் அம்மாவுக்கு அங்கே வைத்தியம் நடந்தது. நான் திருச்சி என்று சொல்லியிருந்தால் அவன் ஸ்ரீரங்கம் என்றிருப்பான்.

மே 21-ல் 2,000 அனுப்பினேன். செல்போனில் நம்பரைப் போட்டதும் ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டதற்கு, "அது ஓனரம்மா கணக்குண்ணே" என்றான். சரி என்று விட்டேன். மே 31 ராத்திரி ஒன்பது மணிக்கு அவனே கூப்பிட்டான். "வேற ஒரு குடும்பம் முழுப் பணத்தோட வந்து நிக்கிறாங்க, ஓனரம்மா அவங்களுக்குக் குடுக்கச் சொல்றாங்க, நான்தான் ஊர்க்காரர்னு புடிச்சு வச்சிருக்கேன்" என்றான். விடிந்தால் ரயில். மீதி 9,500-ஐயும் அனுப்பிவிட்டேன். தடைக்கால நிவாரணம் என்று அரசாங்கம் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதே 8,000 ரூபாய்தான். இரண்டு மாதத்துக்கு வரும் அந்தப் பணமும், அதற்கு மேல் அம்மா சீட்டு கட்ட வைத்திருந்ததும் சேர்ந்துதான் அந்த 11,500.

விடிவதற்கு முன்பே தாம்பரத்தில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே வெளிச்சம் வரும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு சாக்கில் குக்கர், இரண்டு சட்டி, அரிசி, பருப்பு. அதை மடியில் இடித்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். கெஸ்ட் ஹவுஸ் அங்கே இருந்தது! படத்தில் பார்த்த அதே மஞ்சள் கேட், அதே போர்டு. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்பா சாக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து வந்தவர் என் செல்போனைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார். "இது எங்க நம்பர் இல்லையே சார். மேப்ல யாரோ மாத்திப் போட்டிருக்கான். ஒரு மாசத்துல நீங்க நாலாவது குடும்பம்" என்றார்.

நாலாவது குடும்பம் என்று சொல்கிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

எனக்கு அந்தத் திருடன் மேல் இருக்கிற கோபத்தைவிட இவர்கள் மேல் இருக்கிற கோபம் குறைந்ததில்லை. முதல் குடும்பம் வந்து நின்ற அன்றைக்கே அந்த நம்பரை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கலாம். போலீஸில் ஒரு மனு கொடுத்திருக்கலாம். ஒன்றுமே செய்யவில்லை. "நாங்க என்ன சார் பண்றது, நாங்களா வாங்கினோம்?" என்கிறார். சரி, இடமாவது கொடுங்கள், பணம் தருகிறேன் என்றேன். ரூம் காலி இல்லையாம். கேட்டில் ஒரு தாளிலாவது "மேப்பில் உள்ள எண் எங்களுடையது அல்ல" என்று எழுதி ஒட்டுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றேன். "அப்படியெல்லாம் ஒட்டினா வர்றவங்க பயப்படுவாங்க சார்" என்றார். அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன், அதை மட்டும் கொடுத்தார்.

அங்கிருந்தே அந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்தான்! அதுதான் என்னை ஏமாற்றிய அடுத்த விஷயம். எடுக்காமல் இருந்திருந்தால் அப்போதே போலீஸுக்குப் போயிருப்பேன். "அண்ணே, அது பழைய மேனேஜர், எங்களுக்கும் அவனுக்கும் தகராறு, நீங்க அங்க நிக்காதீங்க, ஒரு மணி நேரத்துல வேற ரூம் ஏற்பாடு பண்றேன்" என்றான். மத்தியானம் அடித்தால் "ரீஃபண்ட் போடச் சொல்லிட்டேன்" என்றான். சாயங்காலம் "சர்வர் கோளாறு". மறுநாள் காலை "மூணு வேலை நாள் ஆகும்ணே". மத்தியானம் ஒரு கியூஆர் கோடு அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க, 11,500-ம் உங்க கணக்குல ஏறிடும்" என்றான். நானும் ஸ்கேன் செய்யப் போனேன். ஊரிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்த தங்கச்சிதான் கத்தினாள், "பணம் வாங்குறதுக்கு எதுக்குண்ணே பின்னு?" என்று. அவள் மட்டும் இல்லையென்றால் கணக்கில் மிச்சம் இருந்ததும் போயிருக்கும். முடியாது என்று சொன்ன நிமிடமே என் நம்பரைத் தடுத்துவிட்டான்.

அதன் பிறகுதான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்தேன். பணம் அனுப்பி மூன்று நாள் ஆகிவிட்டது. அந்தக் கணக்கிலிருந்து பணம் வேறு வேறு கணக்குக்குப் போய்விட்டிருக்கும், உடனே சொல்லியிருந்தால் நிறுத்தி வைக்கப் பார்த்திருக்கலாம் என்றார்கள். அவன் "மூணு வேலை நாள்" என்று இழுத்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். வங்கியில் கேட்டால், "பின் போட்டு அனுப்பினது நீங்கதானே சார்" என்ற ஒரே பதில். அங்கே ஒரு காவல் நிலையத்தில் "உங்க ஊர்ல குடுங்க" என்றார்கள். மேப் செயலியில் தவறான எண் என்று புகார் போட்டேன், "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. இதை எழுதுவதற்கு முன் பார்த்தேன். அந்த நம்பர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஸ்டேஷன் பக்கத்தில் 1,200 ரூபாய் லாட்ஜில் மூன்று நாள் தங்கினோம். குக்கரைச் சாக்கிலிருந்து எடுக்கவே இல்லை. அப்பா மூன்று நாளும் இட்லியைச் சட்னி சாம்பார் இல்லாமல் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டார். நாலாவது நாள் கையில் பணம் இல்லை, மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். பத்து நாள் வைத்தியம் மூன்று நாளில் முடிந்தது. இனி அடுத்த தடைக்காலம்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மேப்பில் இருக்கிற நம்பரை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் மாற்றச் சொல்லிப் போட முடிகிறது. சென்னையில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் போய் இறங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பணம் அனுப்பும்போது வருகிற பெயர் அந்த இடத்தின் பெயராக இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பணம் வாங்க பின் போடத் தேவையே இல்லை, கேட்டால் திருடன்தான். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930, அவனோடு பேசிக்கொண்டு இருக்காதீர்கள். ஊர்க்காரன் என்று சொன்னால் இரண்டு மடங்கு விசாரியுங்கள்.

நாளைக்கு ராமநாதபுரம் போய் சைபர் கிரைம் பிரிவில் எழுத்துமூலமாகக் கொடுக்கப் போகிறேன். பணம் அனுப்பிய இரண்டு ரசீதும், அவன் அனுப்பிய கியூஆர் கோடும், பேசிய நேரங்களும் எடுத்து வைத்திருக்கிறேன். எங்களுக்கு முன்னால் மூன்று குடும்பம் ஏமாந்திருக்கிறது என்றால் அவர்களில் யாராவது இதைப் படிக்கலாம். பச்சை முறம் மாட்டிய சமையலறைப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியவர்கள், தேவிபட்டினத்துக்காரன் என்றோ வேறு எந்த ஊர்க்காரன் என்றோ பேசி ஏமாந்தவர்கள், உங்கள் புகார் எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள். என் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.