புக்கிட் தீமா குன்று: காலை நடைக்கு எப்படி?

163 மீட்டர்தானே என்று யாரும் லேசாக நினைக்க வேண்டாம். சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்று இதுதான். பார்வையாளர் நிலையத்தைத் தாண்டியதுமே சாலை செங்குத்தாக ஏறுகிறது. அந்த முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். அங்கே நிதானமாகப் போனால் அப்புறம் சுகம்தான்.

வாசல் திறப்பது காலை 7 மணிக்கு. இங்கே பொழுது விடிவதும் ஏறக்குறைய அப்போதுதான். முதல் ஆளாக நுழைந்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல், அதுவும் ஞாயிறு என்றால், கூட்டத்தின் பேச்சுச் சத்தத்தில் பறவைக் குரல் காதில் விழாது. எனக்கு இந்தக் குன்றே அந்தப் பறவைகளுக்காகத்தான். துடுப்புவால் கரிச்சான் கிளை மாறும்போது கவனியுங்கள்: வாலின் இரண்டு நீண்ட இழைகளும் கண்ணுக்குத் தெரியாது, நுனியில் உள்ள துடுப்புகள் மட்டும் இரண்டு வண்டுகள் துரத்துவதுபோல் பின்னால் பறக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

உச்சியில் உயரம் பொறித்த பாறை உண்டு. பெரிய காட்சி எதுவும் இல்லை, சுற்றிலும் மரங்கள்தான்.

கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும். மழை பெய்த மறுநாள் படிகள் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம். முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டி வருகிறீர்களா? அவர்களுக்கு இந்த ஏற்றம் சரிவராது. கீழே பழைய ரயில் தடம் இருக்கிறது, சமதரை, அங்கே கூட்டிப்போங்கள்.