தொடக்கத் தரவிலிருந்து கருந்துளை வரை: ஓர் இணையவழிப் பாடநெறியின் மதிப்புரை

கருந்துளைகளைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் உருவாகி முடிந்த கருந்துளையிலிருந்தே தொடங்குகின்றன. ஷ்வார்ட்ஸ்சைல்டு 1916-இல் வெளியிட்ட தீர்வை எழுதி, ஒளிகூட மீள முடியாத எல்லையான நிகழ்வெல்லையின் ஆரத்தைக் கணக்கிட்டுவிட்டு, அப்படியொன்று எதிலிருந்து உண்டாகிறது என்ற கேள்வியைக் கடைசி வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். அண்மையில் நான் பணம் கட்டிப் படித்து முடித்த, பன்னிரண்டு விரிவுரைகள் கொண்ட இணையவழிப் பாடநெறி இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. எந்தத் தொடக்கத் தரவு கருந்துளையாகச் சரியும், எது சிதறிக் கலையும் என்பதே அதன் முதல் வகுப்பிலிருந்து கேட்கப்படும் கேள்வி.

நியூட்டனின் இயற்பியலில் பொருள்களை விரும்பிய இடத்தில் வைத்து, விரும்பிய வேகம் கொடுத்து, அதன்பின் நடப்பதைக் கணக்கிடலாம். பொதுச் சார்பியலில் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரு கணத்தில் வெளியின் வடிவம் என்ன, அவ்வடிவம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற இரண்டும் சேர்ந்ததுதான் தொடக்கத் தரவு. ஆனால் ஐன்ஸ்டைனின் பத்துச் சமன்பாடுகளில் நான்கு, அந்தக் கணத்திலேயே தரவு நிறைவேற்றியாக வேண்டிய கட்டுப்பாடுகளாக நிற்கின்றன. அவை தொடக்கத்தில் நிறைவேறினால் பின்னரும் தாமாகவே நிறைவேறும் என்பதையும், அத்தகைய தரவிலிருந்து குறைந்தது சிறிது காலத்துக்கேனும் காலவெளி வளரும் என்று கணிதவியலாளர் ஷோகே-புரூவா 1952-இல் நிறுவியதையும் ஆசிரியர் அவசரமின்றி விளக்குகிறார்.

மூன்றாம் விரிவுரை ஒன்றுக்காகவே கட்டணம் தகும். எல்லாம் ஒரு கணம் அசையாது நிற்கும் நிலையை எடுத்துக்கொண்டால் நான்கு கட்டுப்பாடுகளில் மூன்று மறைந்துவிடும். வெளியின் வடிவத்தைத் தட்டை வெளியின் உருப்பெருக்கமாக, அதாவது தட்டை வெளியை இடத்துக்கு இடம் மாறும் அளவில் பெருக்கியதாகக் கொண்டால், எஞ்சிய ஒன்றும் மின்னியலில் நமக்குப் பழகிப்போன லாப்லாஸ் சமன்பாடாகிவிடும். பிரில், லிண்ட்குயிஸ்ட் ஆகியோர் 1963-இல் இந்த வழியில்தான் பல கருந்துளைகளை ஒரே தரவில் வைத்தார்கள்: ஒவ்வொரு துளைக்கும் ஓர் உறுப்பு, அவற்றின் வெறும் கூட்டல். ஒளிவேகத்தையும் ஈர்ப்பு மாறிலியையும் ஒன்றெனக் கொண்டு, ஒற்றைத் துளையில் நிறையின் பாதி அளவுள்ள ஆயத் தொலைவில் உருப்பெருக்கக் காரணி 2 ஆவதையும், நீளங்கள் அதன் வர்க்கத்தால் பெருகுவதால் அங்கே உண்மையான ஆரம் நிறையின் இருமடங்காக, அதாவது ஷ்வார்ட்ஸ்சைல்டின் ஆரமாகவே, வந்து நிற்பதையும் ஆசிரியர் பலகையில் கையால் போட்டுக் காட்டுகிறார். பிறகு இரண்டு துளைகள். தனித்தனி நிறைகளைக் கூட்டினால் தொலைவிலிருந்து அளக்கும் மொத்த நிறையைவிடச் சற்று அதிகமாக வருகிறது. துளைகள் விலகியிருக்கும்போது அந்த வேறுபாடு நியூட்டனின் ஈர்ப்பு ஆற்றலேதான். காணொளியை நிறுத்திவிட்டு நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.

ஐந்தாம் விரிவுரை ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் 1939-இல் ஆராய்ந்த, அழுத்தமற்ற தூசிக் கோளத்தின் சரிவு. சூரியனின் அழுத்தத்தை ஒரு நொடியில் நீக்கிவிட்டால், அதன் பரப்போடு சேர்ந்து விழுபவரின் கடிகாரத்தில் ஏறத்தாழ 30 நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். வெளியே நிற்பவரோ, பரப்பு 3 கிலோமீட்டர் ஆரத்தைக் கடப்பதை ஒருபோதும் காணமாட்டார். கல்கத்தாவிலிருந்து தத் என்ற ஆய்வாளர் 1938-இலேயே தூசிச் சரிவுக்கான தீர்வுகளை வெளியிட்டிருந்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்தியது. வெளிநோக்கிய ஒளியும் உள்நோக்கியே விழும் சிறைப்பட்ட பரப்பைக் கொண்டு, சரிவு ஒருமைப்புள்ளியில் (காலவெளி முறிந்துபோகும் இடத்தில்) முடியும் எனப் பென்ரோஸ் 1965-இல் நிறுவிய தேற்றத்துக்கு ஒரே விரிவுரைதான், போதுமானது.

அடுத்த உச்சம் சாப்டுயிக்கின் 1993 கணினிக் கணிப்பு. நிறையற்ற அளவன் புலத்தின் (ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண்ணை மட்டுமே கொண்ட புலத்தின்) துடிப்பொன்றை உள்நோக்கி அனுப்புகிறோம். வலு குறைவாயின் சிதறும், மிகுந்தால் கருந்துளை. வாசலுக்குச் சற்று மேலே, உருவாகும் துளையின் நிறை, வலுவின் மிகையை ஏறத்தாழ 0.37 அடுக்குக்கு உயர்த்திய விகிதத்தில் அமைகிறது. துடிப்பின் வடிவம் எதுவானாலும் அதே அடுக்கு. கிறிஸ்டோடூலூ 1994-இல் நிகழ்வெல்லையால் மூடப்படாத ஒருமைப்புள்ளி தோன்றும் தரவைக் காட்டியதும், தரவைச் சற்றே மாற்றினால் அது நிலைக்காது என 1999-இல் அவரே நிறுவியதும் இதையடுத்து வருவது நல்ல அமைப்பு.

கணினியில் செய்யும் எண்ணியல் கணிப்பு பற்றிய கடைசி விரிவுரைகள் மெலிந்தவை. தட்டை வெளியின் உருப்பெருக்கமாகச் சுழலும் துளைகளை அமைத்தால் கணிப்பின் தொடக்கத்தில் பொய்யான ஈர்ப்பலை ஒன்று கிளம்பும் என்று சொல்கிறார்கள். அப்படி அமைத்த துளையின் சுழற்சியும், கருந்துளைக்கு இயலும் உச்ச அளவில் சுமார் 0.93 பங்கைத் தாண்டாது என்பதைச் சொல்லவில்லை. பயிற்சி விடைகளுக்கு மதிப்பெண் போடும் தானியங்கித் திருத்தியோ பெருந்தொல்லை. விரிவுரையில், வெளியின் வடிவம் மாறும் வேகத்தைக் குறிக்கும் புறவளைவுக்கு விரிவை நேர்க்குறியாகக் கொண்டவர்கள், பயிற்சியில் சுருக்கத்தை நேர்க்குறியாகக் கொண்டிருக்கிறார்கள். இரண்டு மரபுகளும் நூல்களில் உண்டு, ஆனால் ஒரே பாடநெறியில் இரண்டும் கூடாது. சரியான விடையை நான்கு முறை இட்டு நான்கு முறையும் பூஜ்யம் வாங்கினேன். உதவிக் குழுவுக்கு எழுதிய மடலுக்கு இன்னும் பதில் இல்லை.

வகைக்கெழுச் சமன்பாடுகளும் டென்சர்களும் பழகியவர்கள் தயங்காமல் சேரலாம். ஐந்தாம் வாரப் பயிற்சியில் மட்டும், சரியும் கோளத்தின் புறவளைவுக்கு நேர்க்குறி இடவும்.