பழைய மரம் வாங்குகிறீர்களா? அளவு நாடாவை நீங்களே பிடியுங்கள்

வீடு இடித்த மரத்தில் கதவோ மேசையோ செய்ய நினைப்பவர்கள் பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய மரக் கடை ஒன்றில் பர்மா தேக்கு என்று சொன்னதை நம்பி எங்கள் பட்டறைக்கு 12 சட்டங்கள் எடுத்தோம். பில்லில் ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குலத் தடிமன். நீள அடியை அகல, தடிமன் அங்குலங்களால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. மொத்தம் 16 கன அடிக்குப் பணம் வாங்கினார்கள். பட்டறையில் அளந்தால் ஐந்தரைக்கு மூன்றரை. உளுத்த முனையையும் பழைய கழுந்தையும் (இன்னொரு மரத்தில் செருகச் செதுக்கிய முனை) தள்ளினால் நீளம் ஏழரை அடிதான். கைக்கு வந்தது 12 கன அடி. அரை அங்குலம், அரை அடிதானே என்று விட்டதில் நாலில் ஒரு பங்கு பணம் போயிற்று. நடுவிலும் இரு முனைகளிலும் அளந்து, அதில் சிறிய அளவையே எழுதச் சொல்லுங்கள்.

அளவோடு முடியவில்லை. மூன்று சட்டங்களில் பழைய துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே கழிவு எண்ணெய் தடவியிருந்தார்கள். எண்ணெய் ஏறினால் வெளிப்பக்கத்து வெள்ளை மரமும் நடுவிலுள்ள கெட்டியான வைரக்கட்டைபோலத் தெரியும். பூச்சி துளைப்பதோ அந்த வெள்ளையைத்தான். நாலு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டினால் பொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே கூடு. வெட்டு முனையைக் கூரான உளியால் சீவிப் பாருங்கள்: தேக்கில் பெரிய துவாரங்கள் ஆண்டு வளையத்தை ஒட்டி வரிசையாக நிற்கும், இழைத்த பரப்பு விரலுக்கு எண்ணெய்ப் பசையாக இருக்கும்.

இன்னொரு சோதனை எடை. காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18, 19 கிலோ. நாங்கள் வாங்கிய சட்டம் ஏறக்குறைய ஒரு கன அடி. தராசில் 24 கிலோ காட்டியது. அப்படியானால் ஒன்று ஈரம், இல்லையேல் வேறு மரம். அறுத்துப் பார்த்தபோது ஈரமில்லை.

ஆணிக்குக் காந்தம் போதும். தலை முறிந்த ஆணி உள்ளே இருந்தால் சுற்றிலும் கருப்புக் கறை படர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இழைப்பு எந்திரத்தில் விட்டால் பிளேடு பல்லுப்பல்லாகப் போகும்.

சட்டத்தோடு விறகுக்கென்று ஒரு வண்டி துண்டு மரத்தையும் தள்ளிவிட்டார்கள். இதுதான் எங்களை மிகவும் வருத்தியது. பெயின்ட் அடித்த ஜன்னல் துண்டு, தண்டவாளத்துக்கு அடியில் போடும் கரி எண்ணெய் நாறும் ரயில் ஸ்லீப்பர், ஆலைகளில் சுடுநீரை ஆற்றும் கூலிங் டவரிலிருந்து பிரித்த பச்சை சாயலடித்த மரம் எல்லாம் அதில் கலந்திருந்தன. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பச்சை சாயல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தால் வருவது. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசன் கண்டுபிடித்த கலவை அது. மரத்தைக் கரையானிடமிருந்து காக்கும், அடுப்புக்கு ஆகவே ஆகாது. எரித்தால் புகையிலும் ஆர்சனிக் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்கவோ செடிக்குப் போடவோ கூடாது. வெந்நீர் அடுப்புக்கும் வேண்டாம்.

கடைக்குத் திரும்பிப் போனால் ரம்பம் பட்ட மரத்தை எடுக்க மாட்டோம் என்றார்கள். பில்லில் அளவு இருந்தது, தேக்கு என்ற சொல் இல்லை; "பழைய மரம்" என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். மரத்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வண்டியில் ஏற்றாதீர்கள்.