கிம் சூ குவே சாங்: ஊருக்கு எடுத்துச் செல்ல ஏற்ற பொருள்கள்

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று கேட்டால், சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் ஜூ சியட் சந்திப்புக்கு அருகிலுள்ள கிம் சூ குவே சாங் கடையைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சாவிக்கொத்துகள் எந்தச் சுற்றுலாக் கடையிலும் கிடைக்கும். 1945இல் தொடங்கிய இந்தக் கடையிலோ, இங்கே குடியேறி மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீனர்களின் வழிவந்த பெரானாக்கான் மக்களின் உணவையும் கைவினையையும் ஒரே இடத்தில் பார்த்து வாங்கலாம்.

கடையின் பெயருக்குக் காரணமான நோன்யா சாங், சங்குப்பூவின் நீலம் படர்ந்த பசையரிசிக்குள், மல்லித்தூள் மணக்கும் இறைச்சியையும் சர்க்கரைப் பாகில் ஊறிய வெண்பூசணியையும் வைத்து, இலையில் பொதிந்து அவிப்பது. மரபுப்படி அதில் பன்றி இறைச்சி சேர்வதால், சைவ உணவினரும் முஸ்லிம்களும் கேட்டறிந்தே வாங்க வேண்டும். சூடாக இங்கேயே உண்ண வேண்டிய பண்டம் அது; பயணத்துக்கு அன்னாசிப் பழ டார்ட்தான் பொருத்தம்.

இந்தக் கடையில் நான் அதிக நேரம் நிற்பது கெபாயா என்னும் பூவேலை மேற்சட்டைகளுக்கும் பாசிமணிச் செருப்புகளுக்கும் முன்னால்தான். சிங்கப்பூர் உள்ளிட்ட ஐந்து நாடுகளின் கூட்டு முயற்சியால் 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கெபாயாவை, மலேசியாவின் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த சிட்டி மலாக்கா பெண்களும் அணிந்து வந்திருக்கிறார்கள் என்பதால், நமக்கும் அது அயலார் உடையன்று. எங்கே வாங்கினாலும் துணியைப் புரட்டிப் பார்க்க வேண்டும்: பூவேலை அச்சிடப்பட்டதா, நூலால் தைக்கப்பட்டதா என்பது உட்புறத்தில் தெரிந்துவிடும். தையல் இயந்திரத்தில் செய்தது என்பதற்காக ஒதுக்க வேண்டாம். துணியை விரல்களால் நகர்த்தி நகர்த்தி இயந்திரத்தில் பூவேலை செய்வதும், இடையிடையே துளையிட்டு ஓரங்களைக் கட்டுவதும் இந்தக் கலையின் மரபே. செருப்பில் மணிகள் நெருங்கி, வரிசை பிசகாமல், அடித்துணி தெரியாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைக்க வாரக்கணக்காகும் என்பதால், கைவேலைச் செருப்புக்குப் பல நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. மிக மலிவாகக் கிடைப்பதைக் கைவேலை என்று எவர் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துச் செய்யும் காயா ஜாம் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட போத்தலைக் கைப்பையில் எடுத்துச் செல்ல விமான நிலையத்தில் அனுமதிக்க மாட்டார்கள். அதைத் துணிகளுக்கு நடுவே பொதிந்து பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.