கடற்கரைக் கோயிலா, கயிலாசநாதரா?

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வர பல்லவர் காலத்துக் கோயில் எது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் மாமல்லபுரத்தைச் சொல்வார்கள். என் ஓட்டு காஞ்சிபுரம் கயிலாசநாதருக்குத்தான். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் இதையும் எழுப்பியது ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன், காலமும் கிட்டத்தட்ட ஒன்றே, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதனால் போட்டி நியாயமானது.

மாமல்லபுரத்துக்கு வழி சுலபம், ஈசிஆரை, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் 60 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். கடற்கரைக் கோயில் தள்ளி நின்று பார்க்க அத்தனை அழகு. கிட்டே போனால்தான் ஏமாற்றம்: கருங்கல்லாக இருந்தும் உப்புக்காற்று 1,300 வருஷமாக அரித்து, வெளிச்சுவர்ச் சிற்பங்கள் பலவும் மழுங்கிப்போயிருக்கின்றன.

கயிலாசநாதர் மணற்கல், அடித்தளம் மட்டும் கருங்கல். இதுவும் தேய்ந்ததுதான், பிற்காலத்தில் பூசிய சுதை வேறு சில இடங்களில் அசல் செதுக்கலை மறைக்கிறது. ஆனால் மதிலை ஒட்டி வரிசையாக நிற்கிற 58 குட்டிச் சன்னதிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போங்கள், சிலவற்றுக்குள் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்றில் சோமாஸ்கந்தரை, அதாவது உமையோடும் குழந்தை முருகனோடும் இருக்கிற சிவனை அடையாளம் காணுமளவுக்குக் கோடும் நிறமும் தெரியும். இடையிடையே கல்லில் ராஜசிம்மனின் பட்டப்பெயர்கள், 200-க்கும் மேல், மனுஷனுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லி அலுக்கவே இல்லை போல. கருவறையைச் சுற்றி ஒரு இடுக்கு வழி உண்டு, தவழ்ந்து நுழைந்து தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். தொப்பை உள்ளவர்கள் பார்த்துச் செய்யவும்.

மாமல்லபுரத்தில் என்னை இழுப்பது பெரும்பாறையில் செதுக்கிய அர்ஜுனன் தபசுதான், அதிலும் ஓரமாகப் பின்னங்காலில் நின்று தவம் செய்கிற பூனையும் அதன் காலடியில் எலிகளும். தெருவோரப் பாறை, காசில்லாமல் பார்க்கலாம். ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் சேர்த்து நம்மவர்களுக்கு 40 ரூபாய், கயிலாசநாதருக்குக் கட்டணமே இல்லை.

குழந்தைகளோடு போகிறீர்களா, மறுபேச்சில்லாமல் மாமல்லபுரம். சரிவில் உருளாமல் நிற்கிற வெண்ணெய்ப் பாறையும் கடலும் போதும் அவர்களுக்கு. காஞ்சி என்றால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மதியம் நடை சாத்திவிட்டால் அப்புறம் சாயங்காலம் திறக்கும்வரை பட்டுக்கடையில்தான் பொழுதுபோக்க வேண்டும், அங்கே 40 ரூபாயில் முடியாது.