கூகுள் போட்டோஸ்: சிங்க்குக்கு நூறு மார்க், பேக்கப்புக்குப் பாதி

போன் தொலைந்தால் படம் பிழைக்கும்; கை தவறி அழித்தால் பிழைக்காது. ஆப்பில் சிங்க் ஆன (போனிலும் கிளவுடிலும் ஒன்றுபோல் இருக்கும்) படம் ஒன்றை அழித்தால் போன், கிளவுட் இரண்டிலும் போய்விடும். குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அப்புறம் மீட்க வழியில்லை. ஐகிளவுட் போட்டோஸும் இதே ரகம்தான், அங்கே 30 நாள். சிங்க் என்றால் அப்படித்தான்: ஓரிடத்தில் செய்த தப்பையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும்.

தேடல் அபாரம், குறையே இல்லை. இலவசம் 15 ஜிபி. அதிலும் ஜிமெயிலுக்குப் பங்கு உண்டு. 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பட்டன்தான் வினை. அழுத்தினால் போனிலுள்ள பிரதி போய், கிளவுடில் ஒன்றே ஒன்று மிஞ்சும். ஒரே பிரதிக்குப் பேக்கப் என்று பேரா?

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் கவனிக்க: ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பில் வரும் சாம்பிள் படங்கள் தானாக ஏறாது. பேக்கப் செட்டிங்கில் வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டரைத் தனியே ஆன் செய்ய வேண்டும்.

நிஜ பேக்கப்புக்கு 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் போதும். மாதம் ஒருமுறை கூகுள் டேக்அவுட்டில் (கூகுளில் உள்ள நம் ஃபைல்களை மொத்தமாக இறக்கும் வசதி) படங்களை அதில் இறக்குங்கள். கூடவே வரும் ஜேசான் (.json, படத்தின் விவரக்குறிப்பு) ஃபைல்களைக் குப்பை என்று அழிக்க வேண்டாம். தேதி, இடம் திருத்தியிருந்தால் அந்த விவரம் அதில்தான் இருக்கும். இறங்கிய ஜிப் ஃபைலை விரித்து நாலைந்து படம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். சொருகியே கிடந்தால் வைரஸ் அதையும் சேர்த்துத் தின்னும்.