காயத்தின் கணக்கு முடியும் முன் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

தம்பியை அடித்தவர்களைவிட, அவனுக்காகப் பேச வந்த வக்கீல் மேல்தான் எனக்கு இன்று அதிகக் கோபம். வீட்டில் யாராவது அடிதடியில் காயம்பட்டிருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

அடித்துத் தள்ளியதில் அவன் உள்ளங்கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. முதல் எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. மருத்துவர் கட்டுப் போட்டு, "10 நாள் கழித்து வாங்க, திரும்பப் படம் எடுக்கணும்" என்றார்.

வக்கீல் நாங்கள் தேடிப்போனவர் இல்லை. மருத்துவமனை வராந்தாவிலேயே ஒருவர் பேச்சுக் கொடுத்து அழைத்துப் போனார். முன்பணத்துக்கு ரசீது இல்லை. எழுதாத தாள்களில் கையெழுத்து வாங்கினார். எக்ஸ்ரே படம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் அப்படியே கொடுத்துவிட்டோம். 8ஆம் நாள் கூப்பிட்டு, "சாதாரணக் காயம்தான், கேஸ் நிற்காது, கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். மருத்துவர் திரும்ப வரச் சொன்னாரே என்று அம்மா கேட்டார். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார். சரி, விவரம் தெரிந்தவர் சொல்கிறாரே என்று நம்பிச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டோம்.

14ஆம் நாள் வலி தாங்காமல் போனபோதுதான் முறிவு தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுக்குள் ஸ்கேஃபாய்டு என்றொரு சிறிய எலும்பு இருக்கிறது. அதில் விழும் விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவது சகஜமாம். 10 முதல் 14 நாளில் மறுபடி எடுத்தால்தான் பல பேருக்குக் கோடு தெரியும். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. அதனால் கவனிக்காமல் விட்டால் ஒரு பகுதி ரத்தமின்றிச் செத்துப்போகவும் கூடும். தம்பிக்கு ஆபரேஷன் செய்து திருகாணி வைத்தார்கள். சமரசத்தில் வந்த பணம் அந்தச் செலவில் பாதிக்குக்கூட வரவில்லை.

பல நாட்டுச் சட்டங்களில் எலும்பு முறிந்ததா இல்லையா என்பதும் சாதாரணக் காயத்தையும் கொடுங்காயத்தையும் பிரிக்கும். தண்டனை, இழப்பீடு எல்லாம் அதையொட்டித்தான் மாறும். எங்கள் பத்திரத்திலோ "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தது. அதை வாங்கிப் பார்த்த இரண்டாவது வக்கீல் இன்னொன்றையும் காட்டினார்: எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் எங்கள் முதல் வக்கீலுக்கும் ஒரே அலுவலக முகவரி!

எதிர்த்தரப்போடு தொடர்பு உண்டா என்று முதல் நாளே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆவணங்களின் நகலை மட்டும் கொடுங்கள். கன்றிய காயம் நாளுக்கு நாள் நிறம் மாறும். தேதியோடு தினமும் படம் எடுத்து வையுங்கள். குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. சமரசம் என்று யாராவது சொன்னால் இதில் எதை முடிக்கிறார் என்று கேளுங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1985இலேயே பிரகடனம் செய்திருக்கிறது. எங்களுக்கு யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை.

முதல் எக்ஸ்ரே இன்னும் அந்த வக்கீலிடம்தான் இருக்கிறது. புதியவர் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார், பதில் இல்லை. தம்பியால் இன்னும் கதவுக் கைப்பிடியைத் திருக முடியவில்லை.